பெட்டி தூக்க வந்த அங்கிள்

ஸ்ரீகரனுக்கு வயது நாற்பத்தாறு. கைப்பேசியில் மட்டும் முப்பத்தெட்டு.

அந்த எட்டு வருடத்தை எங்கே விட்டான் என்று கேட்டால் அவனிடம் நேரான பதில் கிடையாது. உட்கார்ந்து திட்டம் போட்டுப் பொய் சொல்லும் ஆள் இல்லை அவன். துணை தேடும் செயலியில் பெயர் பதியும்போது அது படம் கேட்டது. கைவசம் இருந்த படங்களில் பார்க்கும்படியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஈப்போவில் சித்தி மகன் கல்யாணத்தில், நீல ஜிப்பாவில், யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். நெற்றிக்கு மேல் அடர்த்தியாக முடி, ஜிப்பாவுக்குள் ஒட்டிய வயிறு. அந்த முகத்துக்குப் பக்கத்தில் நாற்பத்தாறு என்று போட்டால் எவள் நம்புவாள்? படத்துக்குப் பொருத்தமாக வயதைத் திருத்தினான். அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருக்கும், அவனை மலாயில் 'அபாங்', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஹைருல் அன்றைக்கே சொன்னான்.

"அபாங், புதுப் படம் போடுங்க. வர்றவ படத்தைப் பாத்து வரட்டும், ஆளைப் பாத்து ஓட வேணாம்."

"போடுவோம்லா, முதல்ல யாராவது பேசட்டும்" என்றான் ஸ்ரீகரன். அந்தப் 'போடுவோம்' வரவே இல்லை.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவனை வெறும் ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகம். அங்கே இருபத்திரண்டு வருடமாகச் சுங்கப் படிவங்களை நிரப்பும் குமாஸ்தா. வீடு சுங்கை பினாங்கில், பதினோராவது மாடியில். யாழ்ப்பாணத்திலிருந்து கொள்ளுத்தாத்தா காலத்தில் வந்த குடும்பம். பரம்பரையாகப் பேனா பிடித்த கை, வேட்டி கசங்காத மரியாதை. அப்பா விநாசித்தம்பி துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மறுவருடமே பக்கவாதத்தில் விழுந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா தாட்சாயினி கல்யாணமாகி, படகேறிப் போகும் அக்கரைப் பட்டர்வொர்த்தில். ஆக, ஒன்பது வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தது ஸ்ரீகரன் ஒருவன்தான். அந்த ஒன்பது வருடத்தில் வந்த சம்பந்தங்கள் எல்லாம் கூடத்தில் கிடந்த கட்டிலைப் பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் போயின. அப்பா கண்ணை மூடி மூன்று வருடம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தால் தலையில் பாதி முடி இல்லை, தரகர்கள் யாரும் அவன் எண்ணை வைத்துக்கொள்ளவும் இல்லை.

செயலியில் முதல் நான்கு மாதம் அவன் அடித்த கூத்தை ஹைருல் இப்போதும் சொல்லிச் சிரிப்பான். பொருந்திய பெண் ஒவ்வொருத்திக்கும் காலை ஏழு மணிக்கு ரோஜாப்பூப் படத்துடன் 'இனிய காலை வணக்கம், பசியாறியாச்சா?' என்று அனுப்புவான். பதில் வந்தால், அப்பா பெயர் என்ன, பூர்வீகம் எங்கே, நட்சத்திரம் என்ன என்று சுங்கப் படிவத்தை நிரப்புவதுபோல வரிசையாகக் கேட்பான். ஒருத்தி, 'இன்டர்வியூ எப்போ, வேலை எப்போ கொடுப்பீங்க?' என்று கேட்டுவிட்டு மறைந்தாள். இன்னொருத்தி ஒரு நாள் பதில் போடவில்லை என்பதற்காக, 'தங்கள் மௌனத்தின் காரணம் அறியலாமா?' என்று மூன்று முறை கேட்டான். அவளும் போனாள். ஹைருல் தலையில் அடித்துக்கொண்டான்.

ஸ்டெஃபனி மட்டும் போகவில்லை. வயது முப்பத்தேழு, பட்டர்வொர்த்தில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர், கத்தோலிக்கக் குடும்பம். தன் அறிமுகத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: நல்ல பசெம்போர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் மட்டும் பேசவும். வடையும் காய் நறுக்கும் குழம்பில் கலந்த பினாங்குத் தின்பண்டம் அது. ஸ்ரீகரன் அந்த வரியைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து கடைகளின் குழம்பு, இறால் வடை, வெள்ளரிக்காய் நறுக்கு என்று பிரித்துப் பிரித்து ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பினான். அவள் சிரித்த சிரிப்பு எழுத்தில் இரண்டு வரிக்கு நீண்டது. அங்கிருந்து பேச்சு வளர்ந்தது.

அவளுடைய அப்பா பாக்கியநாதன், பழைய கிரேன் ஓட்டுநர், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்துகொண்டிருந்தார். வலது காலில் ஆறாத புண். ஸ்ரீகரனுக்குத் தெரிந்த உலகம் அது. முதுகில் புண் வராமல் எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், தண்ணீர் அளவு குறைத்தவருக்குத் தாகம் எடுத்தால் எப்படிச் சமாளிக்கலாம், கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டால் அன்றைக்குப் பேசாமல் எதைச் செய்வது, எல்லாம் சொன்னான். அவன் சொன்னவற்றில் கலப்படமே இல்லாத பகுதி அதுதான். 'உங்ககிட்ட பேசினா பாரம் குறையுது ஸ்ரீ' என்று ஒருநாள் எழுதினாள். அதைப் பார்த்துவிட்டு அவன் அன்று முழுக்கப் படிவங்களில் தப்புத் தப்பாகத் தேதி போட்டான்.

இரண்டாம் மாதம் அவள் நேரில் பார்க்கலாம் என்றாள். சனிக்கிழமை படகேறித் தீவுக்கு வருகிறேன், நீங்கள் சொன்ன கடையிலேயே பசெம்போர் சாப்பிடலாம் என்றாள். வெள்ளிக்கிழமை மதியம் ஸ்ரீகரன் தனக்குக் காய்ச்சல் என்றான். அடுத்த முறை கேட்டபோது ஆண்டுக் கணக்கு முடிக்கிறார்கள், விடுப்பு இல்லை என்றான். வீடியோவில் கூப்பிட்டாள், கேமரா கெட்டுவிட்டது என்றான். 'உண்மையான ஆள்தானே நீங்க? ஸ்கேம் இல்லையே?' என்று விளையாட்டாகக் கேட்டாள். அவனும் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தான். அனுப்பிவிட்டுக் கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். ஜிப்பாக்காரன் அங்கே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் ஒரே வழி என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் போய்விடுவாள். இத்தனை வருடத்தில் அவன் பெயரைச் சொல்லி, அவன் சாப்பிட்டானா என்று கேட்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள். அவளை எப்படி விடுவது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனான்.

ஒரு புதன்கிழமை காலை அவளிடமிருந்து இரண்டே வரி வந்தது. 'அப்பா போயிட்டாரு ஸ்ரீ. இப்பதான்.'

என்ன பதில் எழுதுவது என்று அவன் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்க, மதியத்துக்குள் அக்கா தாட்சாயினி தன் கோயில் குழுவில் வந்ததை அப்படியே அனுப்பிய மரண அறிவித்தலும் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. பாக்கியநாதன், வயது எழுபத்திரண்டு. மனைவி கேத்தரின். மக்கள் ஷான், ஸ்டெஃபனி. பட்டர்வொர்த், பாகான் டாலாம், இன்ன பிளாட், மூன்றாம் மாடி. வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பாடு. மூன்று மாதமாக ஸ்டெஃபனி கொடுக்காத விலாசம் அது. அவள் கொடுக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

விநாசித்தம்பியின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால்தான் கிளம்புவார்கள். சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிடக் காத்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தில் ஒரே ஒருமுறை முகம் பார்த்த ஆள் இறந்தாலும் விநாசித்தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், ஒரு மூலையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வருவார். யார் நீங்கள் என்று அங்கே எவரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, பழகியவளின் தகப்பன் இறந்த செய்தி தெரிந்தபிறகு போகாமல் இருப்பதுதான் குற்றம். ஸ்ரீகரன் ஹைருலிடம் அப்படித்தான் சொன்னான்.

"அவ கூப்பிட்டாளா?" என்று கேட்டான் ஹைருல்.

"இதுக்கெல்லாம் கூப்பிட மாட்டாங்கப்பா. எங்க ஆளுங்க பழக்கம் அப்படி."

"அபாங், அவ உங்களை ஒருதடவைகூட நேர்ல பாத்ததில்ல. இன்னிக்கா பாக்கணும்?"

ஸ்ரீகரன் ஒரு படிவத்தை இழுத்து வைத்து நிரப்ப ஆரம்பித்தான். ஏனென்றால் அவன் மனதில் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதை வெளியே சொல்ல அவனுக்கே வாய் கூசியது. அழுது வீங்கிய கண்ணோடு இருப்பவள் எதிரில் நிற்பவனின் முடியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள். இவ்வளவு தூரம் வந்தானே என்றுதான் பார்ப்பாள். வயது பிறகு தெரிந்தாலும், அப்பா சாவுக்கு வந்து நின்றவன் என்ற நினைப்பு முன்னால் நிற்கும். இதுதான் அந்தக் கணக்கு. பெற்ற தகப்பனைப் பறிகொடுத்தவளின் துக்கத்தைத் தன் வழுக்கைக்குக் குடையாகப் பிடிக்கப் பார்த்தான். நல்லவன்தான், ஆனால் அன்றைக்கு அவன் நினைத்தது இதைத்தான்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாகப் படகேறினான். 'ஸ்டெஃபனி, நான் ஸ்ரீ' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். 'நான்தான் ஸ்ரீ' என்பது கொஞ்சம் தடபுடலாக இருந்தது. 'நான் ஸ்ரீ' போதும்.

பிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பெரும்பாலும் வயதானவர்கள். வேலை நாள் என்பதால் இளைஞர்கள் அதிகம் இல்லை. படியில் ஏறப் போனவனை, கறுப்பு டை கட்டிய ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஈமக்காரியம் செய்யும் நிறுவனத்தின் லோகேஸ்வரன்.

"அண்ணே, கொஞ்சம் கை கொடுப்பீங்களா? லிஃப்டுல பெட்டி ஏறாது, படி வழியாத்தான் இறக்கணும். என் ஆளு ஒருத்தன் வரல. இங்க இருக்கறவங்க எல்லாம் முட்டி வலிக்காரங்க."

ஸ்ரீகரன் உடனே தலையாட்டினான். உள்ளே போனால் யார் என்று கேட்பார்களே என்ற பயம் அந்த நொடியில் கரைந்துபோனது. தூக்க வந்தவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். லோகேஸ்வரன் கொடுத்த வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டான்.

மூன்றாம் மாடியில் கூடத்தின் நடுவே பெட்டி இருந்தது. செபம் முடிந்து மூடியை வைக்கும்போது கேத்தரின் அம்மாள் எழுப்பிய ஓலத்தில் ஸ்ரீகரன் தான் எதற்கு வந்தான் என்பதையே கொஞ்ச நேரம் மறந்தான். அவளுக்குப் பக்கத்தில் ஸ்டெஃபனி. படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக, கறுப்புக் கவுனில், அப்பாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் போட்ட படம் இவளைப் போலவே இருக்கிறதே என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. வெட்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கால் பக்கம் முன்னால் போக, பெட்டியை இறக்கினார்கள். கீழ்ப்படியில் இருந்த ஸ்ரீகரனின் தோளிலும் கையிலும்தான் பாரம் முழுவதும். படிக்கட்டு குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, சுவரில் உரசாமல் திருப்ப வேண்டும். ஒன்பது வருடம் ஒரு மனிதனைப் புரட்டிப் புரட்டிப் பழகிய கைகள் அவை. எங்கே அழுத்தம் விழும், எங்கே தாங்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. எதிரில் பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் ஸ்டெஃபனியின் தம்பி ஷான், முதல் நாள் மெல்போர்னிலிருந்து வந்திறங்கியவன். அவன் பக்கம் பெட்டி அடிக்கடி சரிந்தது. "மெதுவா, மெதுவா, நான் பிடிச்சிருக்கேன்" என்று ஸ்ரீகரன் சொல்லிக்கொண்டே இறங்கினான். அந்த மூன்று மாடியும் இறங்கும் வரை அவன் மனதில் படமும் இல்லை, வயதும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கப் பெட்டியைத் தாழ்த்திப் பிடித்து நின்றார்கள். பின்னால் வந்த ஸ்டெஃபனி பக்கவாட்டில் ஒதுங்கி, நான்கு படி கீழே இறங்கி அவனுக்குப் பக்கத்தில் வந்தாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு முழத் தூரம்கூட இல்லை. அந்த இரண்டு மூன்று நொடியில் ஸ்ரீகரன், இதோ, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான்.

"அங்கிள்" என்றாள் அவள். "கால் பக்கம் இடிக்காம பாத்துக்கோங்க. அப்பாவுக்கு அந்தக் கால் ரொம்ப வலிக்கும்."

தொண்டைக்குள் 'நான் ஸ்ரீ' இருந்தது. வெளியே வந்தது வேறு.

"சரிம்மா" என்றான்.

யாரும் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அங்கிள் என்று கூப்பிட்ட குரலுக்கு அங்கிளாகவே பதில் சொல்லிவிட்டான். இனி அந்த வாயால் எப்படித் தன் பெயரைச் சொல்வது?

மாதா கோயிலில் பூசை நடந்தபோது கடைசி வரிசையில் நின்றான். எப்போது முட்டி போடுவது, எப்போது எழுவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். கல்லறையிலும் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்வரை கயிற்றை விடவில்லை. எல்லாம் முடிந்ததும் தப்பித்துப் போய்விடலாம் என்று வாசலை நோக்கி நடந்தவனை ஸ்டெஃபனி ஓடிவந்து நிறுத்தினாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் அட்டைப்பெட்டிக் குளிர்பானமும்.

"அங்கிள், சாப்பிடாம போறீங்களே. இதையாவது எடுத்துக்கோங்க. உங்க கம்பெனி ஆளுங்க எல்லாரும் சாப்பிட்டாங்க." பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள். "நீங்க எப்படிப் பெட்டியைப் பிடிச்சிருந்தீங்கன்னு பாத்தேன். எங்க சொந்தக்காரங்ககூட அப்படிப் பிடிக்க மாட்டாங்க. உங்க பேரு என்ன அங்கிள்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். எத்தனை கதவு திறந்து கொடுப்பது ஒரு மனிதனுக்கு? ஆனால் பேர் என்று கேட்டதும் அவன் வாயிலிருந்து வந்தது செத்துப்போன தகப்பனின் பெயர்.

"விநாசித்தம்பி."

"ரொம்ப தேங்க்ஸ், விநாசித்தம்பி அங்கிள்" என்று இரண்டு கையும் கூப்பிச் சொல்லிவிட்டு அவள் தாயிடம் போனாள்.

திரும்பும் படகில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரிக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. கிழவனாகத் தெரிந்ததற்காக மட்டும் அவன் வெட்கப்பட்டிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். அவள் கை கூப்பி நின்றாள். இவன் பொய்ப் பெயரைச் சொல்லி அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டான். அதுவும் யார் பெயரை? ஒரு சாவு வீட்டிலும் தலை குனியாமல் நின்றுவிட்டு வந்த மனிதரின் பெயரை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை.

மூன்று நாள் அவளும் எழுதவில்லை, அவனும் எழுதவில்லை. திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், கைப்பேசி சிணுங்கியது.

'ஸ்ரீ, உங்ககிட்ட ஒரு உதவி. அப்பா பெட்டியைத் தூக்க ஒரு அங்கிள் வந்தாரு. கம்பெனி ஆளுன்னு நினைச்சேன். இல்லையாம், லோகேஸ்வரன் அண்ணன் யாருன்னே தெரியாதுங்கறாரு. அப்பாவோட வேலை செஞ்சவரும் இல்ல. எங்கிருந்தோ வந்து கடைசிவரைக்கும் இருந்துட்டுப் போயிட்டாரு. பேரு விநாசித்தம்பி. உங்க ஆளுங்க பேர் மாதிரி இருக்கே, விசாரிச்சுச் சொல்ல முடியுமா? முப்பதாம் நாள் பூசைக்கு அவரைக் கூப்பிட்டே ஆகணும்னு அம்மா சொல்றாங்க.'

ஸ்ரீகரன் வாசித்தான். மறுபடி வாசித்தான். பிறகு அவன் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. 'விசாரித்தேன், அவர் எங்கள் தூரத்துச் சொந்தம், மகனோடு இருக்க ஜொகூருக்குப் போய்விட்டார்' என்று தட்டிவிட்டான். அனுப்பும் பொத்தான்மேல் விரல் இருந்தது. அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஜிப்பாக்காரன் பிழைத்திருப்பான், விநாசித்தம்பி ஜொகூரில் சுகமாக இருந்திருப்பார். புதுப் படம் எடுத்து, மெலிந்து, ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம்.

பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த ஹைருலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "என்ன அபாங், முகம் இப்படிப் போச்சு?" என்றான்.

ஸ்ரீகரன் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னான். வியாழக்கிழமை போன கதை, கையுறை, சரிம்மா, பெயர், எல்லாம். சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். ஹைருல் சிரிக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்தான்.

"என் அப்பா போனப்ப யார் யார் தூக்குனாங்கன்னு ஒருத்தர் விடாம எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான்.

ஸ்ரீகரன் எழுதியதை அழித்தான். எழுந்துபோய் மாடிப்படிப் பக்கம், குழல்விளக்குக்கு நேர் கீழே நின்று, தன்னைத்தானே ஒரு படம் எடுத்தான். வழுக்கை, தொங்கும் கன்னம், காது ஓரத்து நரை எல்லாம் விழுந்தன. அதை அவளுக்கு அனுப்பினான். கீழே எழுதினான்: 'அது நான்தான். எனக்கு நாற்பத்தாறு வயது. மன்னித்துவிடுங்கள்.'

அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அழைப்பு வந்தது. இத்தனை நாளில் அவள் குரலை அவன் கேட்டது பெட்டி தூக்கிய அன்று மட்டும்தான்.

"படியில என்னைப் பாத்தீங்க இல்ல?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வாய் வரல."

"வயசுக்காக இல்ல ஸ்ரீ. நாப்பத்தாறுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. சரி, அதை விடுங்க. விநாசித்தம்பி யாரு?"

"என் அப்பா. மூணு வருஷம் ஆச்சு, போயிட்டாரு."



"நேத்து பூசையில அந்தப் பேரைக் கொடுத்தோம்" என்றாள் மெதுவாக. "அவருக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுசையும் கொடுக்கணும்னு ஃபாதர் வாசிச்சாரு. கோயில் முழுக்கச் சேர்ந்து ஜெபம் பண்ணோம். அம்மா முட்டி போட்டாங்க. அவங்களால எந்திரிக்க முடியல, ஷான்தான் தூக்கி விட்டான்."

ஸ்ரீகரன் மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தால், அந்தச் சொல்லை ஏற்கெனவே எழுதிச் செலவழித்தாகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க" என்றாள். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

எங்கள் பழக்கம் அப்படி என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை அது. உங்கள் அப்பாவுக்கு மரியாதை செய்ய என்று சொல்லியிருக்கலாம். படியில் இறங்கும்போது அந்தக் கால் இடிக்கக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் நினைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை. ஆனால் கேட்டது எதுக்கு வந்தீங்க என்று.

"நீங்க அழுதுகிட்டு இருக்கும்போது பாத்தா, என் வயசு உங்களுக்குப் பெருசாத் தெரியாதுன்னு நினைச்சு வந்தேன்."

கீழே தெருவில் ஒரு லாரி பின்னுக்கு வரும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"அன்னிக்கு எத்தனையோ பேர் வந்தாங்க" என்றாள் அவள். "அப்பாவோட கடன் என்ன ஆச்சுன்னு பாக்க வந்தாங்க, வீடு யாருக்குன்னு கேக்க வந்தாங்க. ஒருத்தர் மட்டும் எங்ககிட்ட எதையுமே எதிர்பார்க்காம வந்தாருன்னு நினைச்சேன். அதைச் சொல்லித்தான் நாலு நாளா அம்மாவைச் சாப்பிட வைக்கிறேன்."

"ஸ்டெஃபனி..."

"அம்மா தினமும் கேக்கறாங்க, அந்த மனுசன் கிடைச்சாரான்னு. இப்ப நான் போய் என்ன சொல்றது?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது. மாலைக்குள் செயலியில் அவள் பெயர் இருந்த இடம் காலியாகிவிட்டது.

முப்பதாம் நாள் பூசையன்று ஸ்ரீகரன் படகுத்துறை வரைக்கும் போனான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஆட்கள் ஏறினார்கள், மோட்டார் சைக்கிள்கள் ஏறின. இவன் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றான். அந்த வீட்டுக்கு இனி அழைப்பு இல்லாமல் போக அவனுக்கு உரிமை இல்லை. படகு கிளம்பியதும் திரும்பி அலுவலகத்துக்கு நடந்தான்.